பரந்தன் சந்தியில் இடப்பக்கம் திரும்புங்கள்



பாடசாலை விடுமுறை நெருங்கும் போதெல்லாம் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிறோம். வழியில் எதைப் பார்க்கலாம்?" கேட்பவர் கண்டியிலிருப்பார், காத்தான்குடியிலிருப்பார், புத்தளத்திலிருப்பார். பயணம் எல்லோருக்கும் ஒன்றுதான். விடியற்காலையில் வான் ஏறுவது, வவுனியாவில் காலைச் சாப்பாடு, முறிகண்டியில் கச்சான், ஆனையிறவில் இறங்கி நாலு படம், பிறகு யாழ்ப்பாணக் கோட்டை, நூலகம், ஐஸ்கிரீம். வடக்கைச் சொந்த ஊராகக் கொண்டவர்களானால் இன்னொன்றும் உண்டு. சோனகத் தெருவிலோ சாவகச்சேரியிலோ கூரையில்லாத ஒரு வீட்டின் முன்னால் நின்று, "இதுதான் உங்கள் மூத்தம்மாவின் குசினி" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு தாகமாக இருக்கிறது என்பார்கள்.

இந்தப் பாதையில் கிளிநொச்சியைத் தாண்டிச் சில நிமிடங்களில் பரந்தன் சந்தி வரும். பெரும்பாலான வான்கள் அங்கே தேத்தண்ணிக்கு மட்டுமே நிற்கின்றன. நேரே போனால் ஆனையிறவு. வலப்பக்கம் திரும்பினால் விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு. இடப்பக்கம் திரும்பினால் இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில் பூநகரி. அந்த இடப்பக்கத்துக்கு உங்கள் பயணத்தில் ஒரு நாளை, அதுவும் முடியாவிட்டால் அரை நாளையாவது ஒதுக்குங்கள் என்று கேட்பதற்காகத்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

பரந்தனைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. பெயருக்கேற்ற பரந்த வயல்வெளி. இரணைமடுக் குளத்து நீர் பாயும் பூமி. 1950-களில் இங்கே ஓர் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. ஆனையிறவில் விளைந்த உப்பைக் கொண்டு காஸ்டிக் சோடாவும் குளோரீனும் செய்தார்கள். நாடெங்கும் சவர்க்காரம் செய்தவர்களுக்கும் குடிநீர் சுத்திகரித்தவர்களுக்கும் தேவையான சரக்கு. போர் அதை நிறுத்திவிட்டது. உப்பளமும் நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது. 2025 மார்ச்சில்தான் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தார்கள். நம் அடுப்படியில் இருக்கும் உப்புக்கும் இந்தச் சந்திக்கும் இவ்வளவு தொடர்பு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

ஒரு காரியம் மட்டும் மறக்க வேண்டாம். குடிதண்ணீரைப் பரந்தனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூநகரிப் பக்கம் கிணற்று நீர் பல இடங்களில் உவர். ஊர்க்காரர்களே குடிநீருக்குக் கஷ்டப்படுகிறார்கள். அவர்களுடைய குடத்தில் நாம் கை வைக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ளவர்கள் கழிப்பறைத் தேவையையும் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

பூநகரி வீதியில் ஏறியதும் வயல் முடிந்து பனை தொடங்கும். குடமுருட்டிப் பக்கம் போனால் வலப்புறத்தில் கடல்நீரேரி விரிந்து கிடக்கும். மாரி முடிந்த மாதங்களில் நாரைகளும் கொக்குகளும் அந்த ஆழமில்லாத நீரில் கூட்டம் கூட்டமாக மேயும். அதிர்ஷ்டமிருந்தால் பூநாரைகளையும் காணலாம். வானை ஓரமாக நிறுத்திச் சத்தமில்லாமல் பாருங்கள். காசு கொடுத்துப் பார்க்கும் சரணாலயத்தில் கிடைக்காத காட்சி.

இனிப் பூநகரிக் கோட்டை. யாழ்ப்பாணக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். சிறிய சதுரக் கோட்டை. எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள் இருந்தன. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் 1770 அளவில் பெருப்பித்தார்கள், ஆங்கிலேயர் 1805-இல் இங்கே ஒரு வாடிவீடு அமைத்தார்கள். நம் காலத்துப் போர் எஞ்சியதையும் தின்றது. 1993 நவம்பரில் இங்கே நடந்த சமர் அந்தப் போரின் மிகப் பெரிய சமர்களில் ஒன்று. 2008 நவம்பர் 15-இல் இராணுவம் பூநகரியைக் கைப்பற்றியது. 2009 ஜனவரி முதலாம் திகதி பரந்தன் விழுந்தது, அடுத்த நாள் கிளிநொச்சி. ஆகவே நீங்கள் பார்க்கப் போவது உடைந்த மதிலும் முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தான். ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடலாம்.

ஆனால் "இங்கே ஏன் ஒரு கோட்டை?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு மணி நேரம் போதாது.

வடக்கே கடல்நீரேரி, அதற்கப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு. தெற்கே வன்னிக் காடு. குடாநாட்டுக்குள் நுழைய அன்று இருந்த வழிகள் சிலவே; ஆனையிறவின் ஆழமற்ற நீர் ஒன்று, பூநகரித் துறை இன்னொன்று. யார் யாழ்ப்பாணத்தை வைத்திருந்தாலும் இந்த வாசலில் காவல் வைக்க வேண்டியிருந்தது. வாசலால் போனவை என்னென்ன? நெல், மாடு, தேன், மெழுகு, எல்லாவற்றுக்கும் மேலாக யானை. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆழமில்லாத நீரில் நடத்தி அக்கரை சேர்த்ததால்தான் அந்த இடத்துக்கு ஆனையிறவு என்று பெயர். அங்கிருந்து அவை ஊர்காவற்றுறைக்குப் போய்க் கப்பலேறின.

வாங்கியவர்கள் யார் தெரியுமா? ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யானை விற்பனைக்குக் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள். அவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். தக்காணத்துச் சுல்தான்களின் படைகளிலும் முகலாயரின் படைகளிலும் நின்ற யானைகளில் சில, இந்தக் காட்டில் கன்றாகத் திரிந்தவை. யானை வாங்க வந்தவர்கள் துணியும் அரிசியும் கொண்டுவந்தார்கள். அவர்கள் வராத ஆண்டில் ஒல்லாந்தரின் கணக்குப் புத்தகம் அழுதது. வன்னி என்றாலே போர், அகதி முகாம், கண்ணிவெடி என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த யானைக் கதையை அந்த உடைந்த மதிலில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் எட்டு வயதுப் பிள்ளையும் எழுந்திருக்காது.

யானைக் கதை முந்நூறு ஆண்டுப் பழசு. அதற்கும் முந்திய ஒன்று நம் வீடுகளில் பலருக்குத் தெரிந்ததுதான், ஆனால் பூநகரியோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. 1344-இல் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா இலங்கையில் கரையிறங்கினார். பாவா ஆதம் மலைக்குப் போவது அவர் ஆசை. புத்தளம் என்று நாம் சொல்லும் ஊரில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். யாழ்ப்பாணத்தை ஆண்ட அந்த மன்னர் முத்துகளைக் காட்டி அவற்றைப் பற்றி உரையாடியதையும், அவருக்குப் பாரசீகம் விளங்கியதையும், மலைக்குப் போகப் பல்லக்கும் ஆட்களும் தந்ததையும் இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்து மன்னர் புத்தளத்தில் என்ன செய்தார் என்று நான் சிறுமியாக இருந்தபோது யோசித்ததுண்டு. தேசப்படத்தை விரித்தால் விடை தெரிகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி, அங்கிருந்து மன்னார், முத்துக் குளிக்கும் கரைகள், பிறகு புத்தளம். மேற்குக் கரை முழுவதும் ஒரே நூலில் கோத்த மணிகள். இன்று நம்மவர்கள் "நாங்கள் புத்தளத்தார், அவர்கள் யாழ்ப்பாணத்தார்" என்று பிரித்துப் பேசும்போது எனக்கு அந்தப் பல்லக்குத்தான் ஞாபகம் வரும்.

அதற்கும் பழைய காலத்தைத் தேடியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம். இந்தப் பக்கத்து ஊர்களில் அலைந்து கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகள், பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், பழைய நாணயங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 1993-இல் 'பூநகரி தொல்பொருளாய்வு' என்ற நூலை வெளியிட்டார். அந்த ஆண்டை மறுபடி பாருங்கள். பூநகரியில் பெருஞ்சமர் நடந்த அதே ஆண்டு. வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்க, உள்ளே ஒருவர் உடைந்த சட்டி ஓட்டில் எழுத்துப் படித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்குக் கல்வி மீது இருக்கும் மரியாதை இன்னும் கூடுகிறது. இதில் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். மழைக்குப் பிறகு இந்த மணலில் பழைய ஓடுகள் தலை காட்டும். பிள்ளைகள் பொறுக்கிச் சட்டைப் பையில் போடப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சரித்திரம். நம் வீட்டு அலுமாரியில் வைத்தால் வெறும் ஓடு.

பூநகரியிலிருந்து வடமேற்கே நீளும் மணல் முனையில் மண்ணித்தலை என்ற இடத்தில் ஒரு சின்னஞ்சிறிய சிவாலயம் இடிந்து நிற்கிறது. சோழர் காலத்தது என்கிறார்கள். வழிபாட்டுக்குரிய இடத்தில் நடப்பதுபோல் அடக்கமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். அதே முனையில்தான் கௌதாரிமுனை. கௌதாரிப் பறவையின் பெயரைத் தாங்கிய ஊர். மணல் மலைபோல் குவிந்து கிடக்கும். பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடட்டும். ஆனால் வீதியை விட்டு உள்ளே போகிற பாதைகளில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்டுப் போவதே பாதுகாப்பு. இந்த முனையின் நுனிக்குப் பெயர் கல்முனை! நம் கிழக்கு மாகாணத்துக் கல்முனையை மட்டும் அறிந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே நின்றால் நீருக்கு அப்பால் யாழ்ப்பாணம்.

இதே நீரை ஒரு காலத்தில் மக்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். சங்குப்பிட்டியிலிருந்து கேரதீவுக்குப் 'பாதை' ஓடியது. பாதை என்றால் வீதி என்று நினைக்காதீர்கள். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். 1990-களில் ஆனையிறவு வழி அடைபட்டபோது குடாநாட்டு மக்கள் இந்த நீரேரியை இரவிலும் கடந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை மடியில் அமுக்கிக்கொண்டு, சுடப்படுவோமா என்ற பயத்தோடு வள்ளத்தில் இருந்த காலம் அது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. முந்நூறு மீற்றருக்கும் சற்றுக் குறைந்த பாலம்தான். வானில் ஒரு நிமிடமும் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் கீழே பாருங்கள்.

இனி நம் வீட்டுக் கதை. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த நேரம் இரண்டு மணி. இதை இந்தப் பத்திரிகை வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்களில் பலர் அந்த வரிசையில் நின்றவர்கள் அல்லது நின்றவர்களின் மக்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் நம்மவர் தொகை சிறியது. பூநகரிக்குத் தெற்கே மன்னார் வீதியிலுள்ள நாச்சிக்குடா அதில் ஒன்று. மீன்பிடிக் கிராமம். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கரையில் வலை காயப்போட்ட ஊர். 1990-இல் நம்மவர்கள் போனார்கள். 2008-இல் போர் அந்த ஊரின் மேலேயே வந்து நின்றது; எஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்களும் கிழக்கு நோக்கி ஓடினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் முள்ளிவாய்க்காலிலிருந்து திரும்பவில்லை. பின்னர் இரு பக்கத்தாரும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். இருவரும் திரும்பியபோது கிணறு தூர்ந்திருந்தது, தென்னை தலையில்லாமல் நின்றது.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நம் வெளியேற்றத்தைச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த வீட்டுக்காரிக்கு என்ன நடந்தது என்பதை யார் சொல்வது? ஆனையிறவில் இறங்கி நினைவுத்தூணைப் படம் பிடித்துவிட்டு ஏறும் பயணத்தில் அது கிடைக்காது. பூநகரியிலோ நாச்சிக்குடாவிலோ ஒரு திண்ணையில் அரை மணி இருந்தால் கிடைக்கும். நான் போன வருடம் இருந்திருக்கிறேன். "எங்கேயிருந்து வாறீங்கள், தங்கச்சி?" என்று கேட்டார் ஓர் அம்மா. ஊரைச் சொன்னேன். என் அபாயாவைத் தொட்டுப் பார்த்து, "வெயிலுக்கு இது வேகாதா?" என்றார். பழகினால் வேகாது என்றேன். பிறகு பேச்சு அவர் தொலைத்த மகனிடம் போய்விட்டது. 2019 ஏப்ரலுக்குப் பின் இந்த உடையோடு நாம் எத்தனை இடங்களில் எப்படியெல்லாம் பார்க்கப்பட்டோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் திண்ணையில் அப்படி யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் கண்டதை வைத்து ஊர் முழுவதற்கும் சான்றிதழ் எழுத மாட்டேன். ஆனால் போகாமல் இருந்திருந்தால் இதையும் கண்டிருக்க மாட்டேன்.

இந்தக் கரையைப் பற்றிப் பேசும்போது இரணைதீவைப் பேசாமல் விட முடியாது. பூநகரிப் பிரதேசத்துக்கு உட்பட்ட இரட்டைத் தீவு. கத்தோலிக்க மீனவர்களின் ஊர். 1992-இல் இடம்பெயர்ந்தவர்களுக்குப் போர் முடிந்த பிறகும் கடற்படை தீவைத் திறந்துவிடவில்லை. 2018 ஏப்ரலில் அவர்கள் தாங்களாகவே வள்ளங்களில் ஏறிப் போய் இறங்கினார்கள். மூன்று ஆண்டு ஆகவில்லை. 2021 மார்ச்சில் நம் பெயரோடு அந்தத் தீவின் பெயரும் சேர்ந்து செய்தியில் வந்தது. கொவிட் ஜனாஸாக்களை ஓராண்டாக எரித்து, இருபது நாள் குழந்தையைக்கூட விடாமல் எரித்து, கடைசியில் அடக்க அனுமதித்த அரசாங்கம், அடக்குமிடமாக இரணைதீவைக் காட்டியது. தீவு மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். நம் பக்கத்தில் சிலருக்கு அது உள்ளத்தில் குத்தியது: "நம் மையித்தை அவர்களும் வேண்டாம் என்கிறார்களே!" நானும் அந்த வாரம் இந்தப் பேச்சைப் பல வீடுகளில் கேட்டேன். நியாயமாகப் பாருங்கள் சகோதரிகளே. இருபத்தாறு வருடம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மண் கைக்கு வந்து மூன்று வருடம் ஆகாத மக்கள், யாரையும் கேளாமல் மறுபடியும் அரசாங்கம் அதில் கை வைக்கும்போது பயப்பட மாட்டார்களா? நம் தலைவர்களும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. ஊர் ஊராக நம் மையவாடிகள் இருக்க, கடல் கடந்து ஏன் கொண்டுபோக வேண்டும் என்றுதான் கேட்டார்கள். 2021 மார்ச் 5-இல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. இரு சமூகத்தை மோத விட யாருக்கோ எவ்வளவு இலகுவாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இரணைமாதா நகர்க் கரையில் நின்று அந்தத் தீவு இருக்கும் திசையைப் பார்ப்பது நூறு பேச்சுக்குச் சமம்.

மனம் கனத்துவிட்டது. அடுப்படிக்கு வருவோம். பூநகரிக்குப் போய் மொட்டைக்கறுப்பன் வாங்காமல் வருபவர் பயணத்தில் பாதியைத் தவறவிட்டவர். வானத்து மழையை மட்டும் நம்பி விளையும் பழைய நெல்லினம். பெயரில் உள்ள கறுப்பு உமிக்குரியது, அரிசி சிவப்பு. யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் "பூநகரி மொட்டைக்கறுப்பனா?" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். விளைச்சல் புதிய இனங்களைவிடக் குறைவு. ஆனால் சுவைக்கு ஈடில்லை. மாவிடித்துப் பிட்டும் இடியப்பமும் அவித்தால் மணம் வாசல்வரை வரும். நான் நோன்புக் கஞ்சிக்கு வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பச்சையரிசிக் கஞ்சியைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். முதல்நாள் இரவே ஊறவைத்தால் சரியாகிவிடும். தேங்காய்ப்பாலை இறக்கும்போது விடுங்கள், இஞ்சியும் பூண்டும் வழமைபோல. நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். மருமக்கள் முகம் சுளித்தால், ஒரு கோப்பை குடித்துவிட்டுச் சுளிக்கச் சொல்லுங்கள். அறுவடை தை, மாசியில். அந்த நேரம் போனால் புது நெல். கடையில் வாங்குவதைவிட வீட்டுப் பெண்களிடம் வாங்குங்கள். காசு நேரே அந்தக் கையில் போய்ச் சேரும். விலை பேசலாம், ஆனால் அடித்துப் பேச வேண்டாம். பனங்கட்டி கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். ஹலாலான சாப்பாட்டுக்கடை தேடித் திரிய வேண்டியிருக்கும், உண்மைதான். சோற்றுப்பொதி கட்டிக்கொண்டு போங்கள். கறி இல்லாவிட்டாலும் மீன் வாங்கிப் பொரித்துத் தரச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். தொழுகைக்குக் கிளிநொச்சியில் பள்ளிவாசல் உண்டு, நாச்சிக்குடாவிலும் உண்டு. இரண்டுக்கும் இடையில் பிரயாணத் தொழுகையின் சலுகை இருக்கிறது. பாய் ஒன்றும் உளூவுக்கு ஒரு போத்தல் தண்ணீரும் வானில் இருந்தால் பனை நிழலே போதும். பஸ்ஸில் போகிறவர்கள் கிளிநொச்சியிலேயே பூநகரி பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கும் கிளிநொச்சியே வசதி. அந்தப் பாதை 2013-இல் கிளிநொச்சி வரையும் 2014-இல் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் திறந்தது. கௌதாரிமுனைக்கும் மண்ணித்தலைக்கும் பஸ்ஸை நம்ப வேண்டாம். வான் அல்லது முச்சக்கரவண்டி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாதீர்கள். மணல் பாதையில் சில்லுப் புதையும். ஆகஸ்ட் விடுமுறையில் வெயிலும் காற்றும் சேர்ந்து முகத்தில் மணலை அறையும். தை முதல் பங்குனி வரை மிக நல்ல காலம். நோன்பு அந்த மாதங்களில் வந்தால் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் நேரமுள்ளவர்கள் ஏ-9 வீதிக்கு வராமல் நாச்சிக்குடா, விடத்தல்தீவு வழியாக மன்னாருக்கு இறங்குங்கள். மன்னார் தீவுக்குள் நுழையுமுன் மாந்தை வரும். பழைய மாதோட்டத் துறைமுகம். 1980-களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் என்ற அறிஞர் அங்கே தோண்டியபோது சீனத்துப் பாத்திரங்களோடு பாரசீக, அரபு நாட்டுப் பாத்திர ஓடுகளும் கிடைத்தன. மன்னாருக்குள் பெருக்க மரங்களைப் பார்க்கலாம். அரபு வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிற பருத்த மரங்கள். மன்னாரைப் பற்றி இன்ஷா அல்லாஹ் இன்னொரு மாதம் தனியாக எழுதுகிறேன். ஒரு பந்தியில் அடங்கும் ஊர் இல்லை அது.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் பிற்பகல் நாலரைக்குக் கௌதாரிமுனையை விட்டுக் கிளம்புங்கள். இருட்டிய பிறகு அந்த மணல் பாதை சிரமம். சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடக்கும்போது வெயில் தணிந்து நீர் செம்பாக மின்னும். அங்கிருந்து நாவற்குழி அதிக தூரமில்லை. மஃரிபுக்குச் சோனகத் தெருவில் இருக்கலாம்.